செலவுப் பக்கம்

பத்தரமுல்லையிலிருந்து வந்த காகிதத்தில்
என் பெயரில் ஒரு கால் விடுபட்டிருக்கிறது.
மற்றதெல்லாம் சரி.
கணக்கியல் சீ.
பொருளியல் எஸ். வணிகக்கல்வி எஸ்.
சுட்டெண்ணின் கடைசி இலக்கம் ஏழு.

கிளிநொச்சி நிலையத்துப் பொடியன்
அதைக் கொப்பி மிசினில் கவிழ்த்துவிட்டுச் சொன்னான்:
இது போதும் அக்கா,
அத்திவாரப் பாடநெறி உங்களுக்குத் தேவையில்லை,
பதினெட்டு கிரெடிட் விலக்கு,
நேரே டிப்ளோமா.
எட்டு மாசம் மிச்சம்.

பதினேழு வருசம் பழசு தம்பி, செல்லுமோ?

பெறுபேறு காலாவதியாகாது அக்கா.

பால்மா பக்கற், பனடோல் காட்,
நிவாரண அட்டை, பாஸ்
எதையும் திருப்பித் திகதி பார்த்துப் பழகின கை
இதையும் திருப்பியது.
பின்பக்கம் வெறும் வெள்ளை.

கிரெடிட் என்றால் எனக்குச் செலவு.
அப்படித்தான் படித்தது:
ரீ எழுத்தை அகலமாய்க் கீறி
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு.
டெபிட் வரவு, கிரெடிட் செலவு.
இந்தப் பொடியன் சொல்கிறான்
கிரெடிட் என்றால் சேர்ந்திருப்பதாம்.
எனக்குத் தெரியாமல்,
எங்கேயோ ஒரு லாச்சிக்குள்.

அந்த ஓகஸ்ட்டில் மல்லாவிப் பள்ளிக்கூடம் மல்லாவியில் இல்லை.
தருமபுரத்தில், யாரோ ஒருவருடைய தென்னங்காணியில்,
தறப்பாளுக்குக் கீழே இருந்தது.
மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு.
கிபிர் சத்தம் கேட்டால் பங்கருக்குள்,
போனதும் திரும்பி மேசைக்கு.
பங்கருக்குள் விடையைக் கதைக்கக் கூடாதென்று
மேற்பார்வையாளரும் எங்களோடு குந்தியிருந்தார்.
ஒளிந்த நேரத்தைக் கடைசியில் கூட்டித் தந்தார்,
பதினொரு நிமிசம்.
அந்தப் பதினொரு நிமிசத்திலும்
என் ஐந்தொகை சமப்படவில்லை.
எழுநூற்றைம்பது ரூபா வித்தியாசம்.
தூக்கித் தொங்கல் கணக்கில் போட்டேன்.

முன்மேசையில் மயூரதி. கடைசி இலக்கம் ஆறு.
அவளுக்குச் சமப்பட்டது
முதுகைப் பார்க்கவே தெரிந்தது.
பேனை மூடியைக் கடித்துக்கொண்டு
தென்னை மரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

செட்டிகுளம் முகாமில்
ஓர் அதிபர் கையால் எழுதிக்கொண்டு வந்த பட்டியலில்
ஆறுக்கு நேரே மூன்று பீ.
அதைக் கேட்டு வந்து வாங்க
அந்த வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை.

மூன்று பீக்கு எத்தனை கிரெடிட் தம்பி?

உங்களுக்குப் பீ இல்லையே அக்கா.

இல்லைத்தான்.

அறிவியல் நகரில் வீதிக்கு ஒரு பக்கம் கம்பஸ்,
கொஞ்சம் தள்ளி எங்கள் காமென்ற்.
காலையில் ஒரே பஸ்ஸில்தான் வருவோம்.
பிள்ளைகள் முதல் இறங்கும்.
நான் அடுத்த தரிப்பு.
ஒன்பது வருசமாய் ஆண்களின் உள்ளாடைக்கு
இலாஸ்ரிக் பிடிக்கிறேன், மணிக்குத் தொண்ணூறு.
லைனில் கணக்குப் பிழைத்தால்
சுப்பவைசர் என்னைத்தான் கூப்பிடுவா.
சம்பளம் மிசின்காரியின் சம்பளம்.

படிவத்தின் நான்காம் பக்கம்:
பரீட்சை நிலையத்தின் பெயர்.
தறப்பாள் என்று எழுத முடியாது.
காகிதத்தில் உள்ளதை அப்படியே எழுதுங்கோ அக்கா.
எழுதினேன்.
அதற்குக் கீழே
விலக்களிப்புக் கோருவதற்கான காரணம், இரண்டு வரிக்குள்.

ஒரு வரியே போதுமாயிருந்தது:
இதை ஏற்கனவே எழுதிவிட்டேன்.

பொடியன் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.
வெட்டச் சொல்லவில்லை.
விண்ணப்பக் கட்டணம் ஆயிரத்தைந்நூறு,
மிச்சக் காசுக்குச் சில்லறை இல்லையென்று
ஒரு பேனை தந்தான்.

பஸ்ஸுக்குள் அதன் மூடியைக் கழற்றி
பல்லுக்கிடையில் வைத்துப் பார்த்தேன்.
வெளியே தென்னைகள் போய்க்கொண்டிருந்தன.
எண்ணத் தொடங்கினேன்,
பரந்தன் தாண்டியதும் விட்டுப்போயிற்று.